ஸ்கானில் காணாமற்போன இருபது விதைகள்

கேள்வி: வயது 68. லண்டனில் மகனோடு இருந்தபோது புரொஸ்டேட் புற்றுநோய்க்கு 82 கதிரியக்க விதைகள் வைத்தார்கள். ஐந்து வாரமாகிறது. கொழும்பில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் சுமார் 60தான் தெரிகிறதாம். மீதி எங்கே போயின? இன்டர்நெட்டில் பார்த்தால் நுரையீரலுக்குப் போகும் என்றிருக்கிறது. இரவில் ஐந்தாறு முறை எழும்புகிறேன், சிறுநீரும் மெல்லிதாகத்தான் போகிறது. தடிமனுக்கு பிரிட்டன் (Piriton) மாத்திரை போடுகிறேன். பேரனைத் தூக்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்த பிரிட்டன் மாத்திரையை நிறுத்துங்கள், ஐயா. விதைக் கணக்கை அப்புறம் பார்ப்போம்.

விதை வைத்த புரொஸ்டேட் சில வாரங்களுக்கு வீங்கியிருக்கும், சிறுநீர்ப் பாதை நெருங்கும். பிரிட்டன் போன்ற தடிமன் மாத்திரைகள் சிறுநீர்ப்பை சுருங்கும் பலத்தையும் குறைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ஒரு நாள் அடியோடு அடைத்துக்கொள்ளும். முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டும் போகாமல் அடிவயிறு கல்லாகிவிட்டால், பார்லித் தண்ணீர் குடித்துப் பார்ப்போம், விடியட்டும் என்றெல்லாம் இருக்க வேண்டாம். நேரே தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள். விதை வைத்திருப்பதைச் சொல்லுங்கள், கதீட்டர் குழாய் போட்டு வடிப்பார்கள்.

இனி அந்த இருபது. ஒரு விதை ஏறக்குறைய நாலரை மில்லிமீற்றர் நீளம், ஒரு மில்லிமீற்றரும் தடிப்பில்லாத டைட்டேனியக் குழல். கண்ணாடியில் பட்ட வெளிச்சம் போல ஒலி அதில் பட்டுத் தெறிக்கும். விதை கொஞ்சம் சரிந்தாலும் எதிரொலி வேறு பக்கம் போய்விடும், திரையில் ஒன்றும் இராது. புரொஸ்டேட்டில் படிந்த சுண்ணாம்புப் பொட்டோ விதை மாதிரியே மினுங்கும். ஆக, அந்த 60கூட நம்பத்தக்கதல்ல. ஸ்கான் செய்தவரைக் குறை சொல்லாதீர்கள். இதற்காகவே, சரிந்தாலும் எதிரொலி வரட்டும் என்று சொரசொரப்பான விதைகள் செய்தார்கள். விதைக்குள் இரும்புத் துணுக்கை வைத்து, வெளியே காந்தத்தால் அதிரச் செய்து, அந்த அதிர்வை, அசைவைக் காட்டும் டொப்ளர் ஸ்கானில் பிடிக்கவும் ஆய்வுக்கூடத்தில் முயன்றார்கள். எண்ணிப் பார்க்க இன்றும் எக்ஸ்ரேயும் சிடி ஸ்கானும்தான். வீக்கம் வற்றியபின், ஒரு மாதமளவில் சிடி எடுப்பது வழக்கம். அது எடுக்காமல் விமானம் ஏறினீர்களா? லண்டனுக்கு எழுதிக் கேளுங்கள்.

ஒன்றிரண்டு விதை நுரையீரலுக்குப் போவதுண்டு. பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

பேரனை அணைக்கலாம், கொஞ்சலாம். இரண்டு மாதம் ஆகும்வரை நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டம்சுலோசின் மாத்திரை தந்து அனுப்பியிருப்பார்களே, அது முடிந்ததும் விட்டுவிட்டீர்களா? இந்த வாரமே சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணரிடம் அதைக் கேளுங்கள்.