மழையில் குழுவாக ஆஃப்ரோடு போய், நடுவழியில் வண்டிகள் பழுதாகி நின்ற அனுபவம் உண்டா? எப்படிச் சமாளித்தீர்கள்?

உண்டு. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில், ஐப்பசி அடைமழையில். ஆறு வண்டிகள் போனோம்: இரண்டு மாருதி ஜிப்ஸி, ஒரு பழைய மஹிந்திரா 540 ஜீப், மூன்று மஹிந்திரா தார். எஸ்டேட்காரர் எங்கள் குழுவில் ஒருவருக்குத் தாய்மாமா. அவர் அனுமதியோடு, அவர் நிலத்துக்குள்ளேயே ஓடும் ஜீப் பாதையில்தான் ஓட்டினோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வண்டியை இறக்குவது குற்றம். மலையில் மண்பாதை தெரிந்தால் இறங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஏறும்போது தூறல்தான். எஸ்டேட் கேட்டில் டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்குக் குறைத்தோம். சேற்றில் டயர் அகலமாகப் பதிந்தால்தான் பிடிமானம் கிடைக்கும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் போவதற்குள் மழை வலுத்துவிட்டது.

முதலில் நின்றது கார்புரேட்டர் காலத்து ஜிப்ஸி. ஓடையின் நடுவில், முட்டளவு தண்ணீரில். ஃபேன் வாரி இறைத்த தண்ணீரில், ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து கரண்ட் வரவில்லை. ஓட்டியவர் பதறி மறுபடி செல்ஃப் அடிக்கப் போனார். எங்களோடு வந்த திண்டுக்கல் மெக்கானிக் அண்ணன் கரையிலிருந்தே கத்தினார்: "தம்பி, சாவியத் தொடாத! மொதல்ல ஏர் ஃபில்டரத் தொறந்து பாரு!" அந்த ஒரு சத்தம் ஓர் இன்ஜினைக் காப்பாற்றியிருக்கலாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. செல்ஃப் அடித்த வேகத்தில், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஃபில்டர் காய்ந்தே இருந்தது, அதாவது தண்ணீர் உள்ளே போகவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே துடைத்து மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. டீசல் வண்டிக்கு இந்தக் கரண்ட் பிரச்சினை கிடையாது. ஆனால் காற்று இழுக்கும் குழாய் வரை தண்ணீர் ஏறினால் டீசலுக்கும் அதே கதிதான். புது தார் 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. மழையில் ஓடை எவ்வளவு ஆழம், அடியில் பள்ளம் எங்கே என்று வண்டிக்குத் தெரியாது. ஒருவர் குச்சியோடு நடந்து பார்த்த பிறகுதான் வண்டியை இறக்க வேண்டும். தண்ணீரின் இழுப்பு பலமாக இருந்தால் அதுவும் வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

அடுத்து ஒரு தாரின் டயர், பள்ளத்து ஓரத்தில் உரசி ரிம்மை விட்டுக் கழன்றது. காற்று குறைவாக இருக்கும்போது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இப்படி ஆகும். ஜாக்கிக்கு அடியில் பலகை போட்டுத் தூக்கி, ஸ்டெப்னி மாற்றினோம்.

பெரிய சோதனை 540க்கு. வழுக்கும் செம்மண் ஏற்றத்தின் பாதியில் அடியிலிருந்து டக் டக்கென்று சத்தம், பிறகு டமாலென்று ஒன்று. இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், அதாவது அதன் மூட்டு, உடைந்துவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, பின்சக்கரத்துக்கு இழுவை இல்லை.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்த இடத்தைத்தான். நின்ற வண்டியால் ஆளுக்கு ஆபத்து குறைவு. அதை இழுக்கிற அந்த அரை மணி நேரத்தில்தான் உயிர் போகும். எல்லோரும் நனைந்திருப்பார்கள், பசியில் இருப்பார்கள், இருட்டுவதற்குள் கீழே இறங்கணும் என்ற அவசரம் இருக்கும். எங்களில் ஒரு இளைஞர் கயிற்றை எடுத்துவந்து டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் போடப் பார்த்தார். அந்தக் குண்டு திடீர் இழுப்புக்குச் செய்ததல்ல. வெட்டி இழுக்கும்போது, அதாவது வேகமாகச் சுண்டி இழுக்கும்போது, முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வரும். வெளிநாடுகளில் இப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, போல்ட் போட்ட கொக்கியில், டி ஷாக்கிள் என்ற இரும்பு வளையம் வைத்து மட்டுமே மாட்ட வேண்டும்.

வெட்டி இழுக்கவே வேண்டாம் என்று முடிவானது. ஏற்றத்தின் மேலே நின்ற தாரில் வின்ச் இருந்தது, ரோப்பைச் சுருட்டி இழுக்கும் கருவி. சேற்றில் அந்தத் தாரே கீழே சறுக்கும் என்பதால், அதன் பின்பக்கத்தை ஒரு சில்வர் ஓக் மரத்தோடு கட்டினோம், பட்டை உரியாதபடி அகலமான பெல்ட்டால். நாங்கள் முதலில் தேர்ந்த மரத்தைப் பார்த்து மாமா, "அது வேணாம் மாப்ள, மிளகுக் கொடி ஏறியிருக்கு" என்றார். வேறு மரம் பார்த்தோம். 540இன் கொக்கியில் கப்பி போட்டு ரோப்பை மடக்கித் தாருக்கே கொண்டுவந்ததில் இழுவிசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேகம் பாதி, அது நல்லதே. ரோப் மேல் நனைந்த சாக்குகளைப் போர்த்தினோம், அறுந்தால் துள்ளாமல் கீழே விழுவதற்கு. ரோப் நீளத்துக்கு மேல் தள்ளித்தான் எல்லோரும் நிற்க வேண்டும், சைகை காட்ட ஒரே ஆள். சத்தம் போட்டு நான்கு பேர் நான்கு யோசனை சொல்வது அங்கே நடக்கவே கூடாது.

மேலே சமதளத்துக்கு வந்ததும் மெக்கானிக் அண்ணன் நான்கு சக்கரத்துக்கும் கல் போடச் சொன்னார். பின் ஷாஃப்ட் இல்லாத வண்டியைக் கியரில் விட்டாலும் அது பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தாது. பிறகு அடியில் படுத்து, அந்தச் சேற்றிலேயே, உடைந்த ஷாஃப்டை முழுசாகக் கழற்றினார். ஃபோர் வீல் லிவரைப் போட்டால் முன்பக்க ஷாஃப்ட் வழியாக முன்சக்கரம் இழுக்கும். முன்சக்கரத்தை அதன் அச்சோடு பூட்டும் ஹப் லாக் உள்ள வண்டியில் அதையும் போட்டிருக்க வேண்டும். நிரந்தரமாக நான்கு சக்கரமும் இழுக்கும் வகை வண்டியில் இந்த வித்தை அப்படியே எடுபடாது. அவர் வேலை செய்த நேரமெல்லாம் எஸ்டேட் ஆட்கள் தார்ப்பாய் பிடித்து நின்றார்கள். மேஸ்திரியம்மா கடுங்காப்பி போட்டு அனுப்பினார், அட்டைக்கு உப்பும்.

அதற்கு மேல் போகவில்லை. உச்சிப் பாறைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், ஓடுகிற வண்டிகளாவது போகட்டும் என்று ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கு அதில் சம்மதமில்லை. குழுவாகப் போனால் நொண்டும் வண்டியின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். 540ஐ வரிசையின் நடுவில் ஓடவிட்டு, இறக்கத்தில் லோ கியரில், பழகிய ஓட்டுநர் ஒருவர் முன்னும் வின்ச் வண்டி கடைசியிலுமாகக் கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். டயருக்குக் காற்று நிரப்பி முடிக்கும்போது நன்றாக இருட்டியிருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால் கிராஸ், ஃபேன் பெல்ட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காற்றடிக்கும் கம்ப்ரசர் ஆகியவற்றைக் குழுவுக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் கிராஸ் இருந்திருந்தால் பாதி நேரம் மிச்சம். திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவுவதோடு விடாமல் டிஃபரன்ஷியல் ஆயிலையும் கியர் ஆயிலையும் திறந்து பாருங்கள். ஓடையில் இறங்கிய வண்டியில் ஆயில் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மறுபடி நீண்ட தூரம் ஓட்டுவதற்குள் மாற்றிவிடுங்கள். எங்கள் ஆறில் ஒரு ஜிப்ஸிக்கு அப்படித்தான் மாற்ற வேண்டியிருந்தது.