மத ஒடுக்குமுறைகளை நினைவில் வைத்துக்கொள்ளவும் அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளவும் இலக்கியமும் சினிமாவும் எப்படி உதவுகின்றன?

வரலாற்றுப் புத்தகத்தில் மத ஒடுக்குமுறை பெரும்பாலும் எண்ணாகத்தான் வரும். இந்த ஆண்டு தடை வந்தது, இத்தனை பேர் செத்தார்கள். தேர்வு முடிந்ததும் அது மனதை விட்டுப் போய்விடும். எனக்குள் அது தங்கியது கதைகளாலும் படங்களாலும்தான். அதிலும், செத்தவர்களுக்காக அழவைத்த படைப்புகளைவிட, 'அங்கே நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?' என்று என்னையே கேட்டவைதான் நீண்ட நாள் கூடவே வந்தன.

முதலில் சொல்ல வேண்டியது ஜப்பானிய எழுத்தாளர் ஷூசாகு எண்டோ 1966இல் எழுதிய 'மௌனம்' நாவலை. 2016இல் மார்ட்டின் ஸ்கார்செசி அதைப் படமாக எடுத்தார். ஜப்பானை ஆண்ட தோகுகாவா அரசு 1614இல் நாடு முழுக்கக் கிறிஸ்தவத்தைத் தடைசெய்தது. அப்புறம் வந்த ஆண்டுகளில், மறைந்திருக்கும் கிறிஸ்தவர்களைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஏசுவின் அல்லது மரியாளின் உருவம் பதித்த தகட்டைத் தரையில் வைத்து, ஊராரை வரிசையில் வரச்சொல்லி மிதிக்கவைப்பார்கள். 'ஃபூமி-எ' என்று அதற்குப் பெயர். மிதித்தால் வீட்டுக்குப் போகலாம். மறுத்தால் சித்திரவதை, சாவு.

நாவலின் நாயகர் ஒரு போர்த்துகீசியப் பாதிரியார். ஆனால் எனக்குள் உட்கார்ந்துகொண்டவன் கிச்சிஜிரோ என்ற ஜப்பானியக் கிறிஸ்தவன். அவன் மிதிப்பான். ஓடுவான். பாதிரியாரைக் காட்டிக்கொடுப்பான். அழுதுகொண்டே பாவமன்னிப்புக் கேட்டு அவரிடமே திரும்பி வருவான், பிறகு மறுபடியும் மிதிப்பான். முதல் முறை படித்தபோது அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. துன்புறுத்தல் இல்லாத காலத்தில் பிறந்திருந்தால் தானும் நல்ல கிறிஸ்தவனாக வாழ்ந்திருப்பேன் என்று அவன் ஓரிடத்தில் புலம்புகிறான். இரண்டாவது வாசிப்பில் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. உயிர் கொடுத்தவர்களின் பெயரைச் சபை எழுதிவைக்கும், ஆண்டுதோறும் நினைவுகூரும். பயந்து மிதித்தவனை யார் எழுதிவைப்பார்கள்? எண்டோ எழுதிவைத்தார்.

அப்படி மிதித்தவர்களின் கதை அங்கேயே முடிந்துவிடவும் இல்லை. 1865இல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா தேவாலயத்துக்கு உராகாமி கிராமத்தார் சிலர் வந்து, தாங்களும் கிறிஸ்தவர்களே என்று அங்கிருந்த பிரெஞ்சுப் பாதிரியாரிடம் மெல்லச் சொன்னார்கள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதிரியாரே இல்லாமல் ரகசியமாக நம்பிக்கையைக் காத்துவந்த மக்கள் அவர்கள். காலால் மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு மன்றாடியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இந்தத் தகவலை நாவல் படிக்காமல் அறிந்திருந்தால் ஒரு வியப்போடு கடந்திருப்பேன். கிச்சிஜிரோவைத் தெரிந்த பிறகு அப்படிக் கடக்க முடியவில்லை.

ஒடுக்குமுறை எங்கே தொடங்குகிறது என்பதை எனக்குக் காட்டியது, நாஜி ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில் வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. ஒளிந்துவாழப் போவதற்கு முன்பே, 1942 ஜூன் மாதப் பக்கம் ஒன்றில் அந்தச் சிறுமி ஒரு பட்டியல் போடுகிறாள். யூதர்கள் சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், டிராமில் ஏறக்கூடாது, மாலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள்தான் கடைக்குப் போகலாம், இரவு 8 மணிக்கு மேல் சொந்தத் தோட்டத்தில்கூட உட்காரக்கூடாது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளக்கூடிய சின்ன விதிபோலத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருந்துவிட அதுவே போதுமாக இருந்தது.

நாஜிகள் பேசியது இனத்தைப் பற்றி. ஆனால் அதற்கு அடியில் பல நூற்றாண்டுகளாக ஊறிய மதவெறுப்பு இருந்தது. க்ளாட் லான்ஸ்மனின் 'ஷோவா' (1985) ஆவணப்படத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். 9 மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படத்தில் பழைய காலப் படச்சுருள் ஒன்றுகூடக் கிடையாது, மனிதர்கள் பேசுவது மட்டும்தான். நாஜிகள் யூதர்களைக் கொன்றுகுவித்த போலந்தின் ஹெல்ம்னோ முகாமில் உயிர் தப்பிய மிகச் சிலரில் ஒருவரான சைமன் ஸ்ரெப்னிக், வளர்ந்த மனிதராக அந்த ஊருக்குத் திரும்பி வருகிறார். தேவாலய வாசலில் ஊர்க்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சந்தோஷப்படுகிறார்கள். யூதர்களைக் கொல்லக் கொண்டுபோகும் முன் அடைத்துவைத்ததும் அதே தேவாலயத்தில்தான். யூதர்களுக்கு ஏன் இப்படி நடந்தது என்ற கேள்வி வருகிறது. பணக்காரர்களாக இருந்தார்கள் என்கிறது ஒரு குரல். இன்னொருவர் முன்னால் வந்து, ஏசுவைக் கொன்ற பழிதான் இது என்று ஒரு ரப்பியே (யூத மதகுருவே) ஒப்புக்கொண்டதாகக் கதை சொல்கிறார். நடுவில் ஸ்ரெப்னிக் முகத்தில் ஒரு சிறு புன்னகையோடு பேசாமல் நிற்கிறார். எந்தப் பாடநூலாலும் எனக்கு இதைக் காட்டியிருக்க முடியாது.

சினிமா எல்லாமே நல்லது செய்யும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1940இல் நாஜி ஜெர்மனியில் யூத வெறுப்பைத் தூண்ட வந்த 'யூத் சூஸ்' படத்தை ஏறத்தாழ 2 கோடிப் பேர் பார்த்தார்கள். நாஜிகளின் எஸ்.எஸ். படையினரும் போலீஸாரும் அதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் படையின் தலைவர் ஹிம்லர் உத்தரவே போட்டார். பார்ப்பவரை அநியாயத்துக்கு ஆளானவராக உணரவைத்து, திருப்பி அடிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நம்பவைக்கிற படம் அது. அதனால்தான், கடந்தகாலக் கொடுமையைப் பற்றிய ஒரு படம் முடிந்ததும் இன்று வாழும் ஒரு கூட்டத்தின்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கினால், அந்தப் படத்தை நான் சந்தேகப்படுகிறேன்.

ஒரு பக்கத்தின் வலியை மட்டும் கேட்கவைப்பதற்குத் தமிழிலும் ஒரு பெரிய உதாரணம் உண்டு. 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணத்தில், சமணர்களின் தூண்டுதலால் திருநாவுக்கரசரை நீற்றறையில் (சுண்ணாம்புக் காளவாயில்) அடைக்கிறார்கள், நஞ்சு கொடுக்கிறார்கள், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளுகிறார்கள். 'கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்' என்ற அவருடைய வரியைக் கேட்டால் இன்றும் உடம்பு சிலிர்க்கும். அதே நூலில், மதுரையில் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறியதும் வருகிறது. அது நிஜமாகவே நடந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. சரி, அது ஒரு புறம் இருக்கட்டும். நாவுக்கரசரின் வலி அவருடைய சொந்தக் குரலில் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த எண்ணாயிரம் பேரில் ஒருவரின் குரல்கூட அங்கே இல்லை. ஒரு பகுதியைப் படித்தால் மற்றதையும் எடுத்துப் படிப்பதை இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன்.