சம்பளம் இருந்தால் இ-பாஸ் உறுதியா?

கேள்வி: என் தம்பி திருச்சியில் இருக்கிறான், வயது 23. சிங்கப்பூரில் வேலை பார்க்க இ-பாஸ் (எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி) எடுக்கப் பார்க்கிறோம். அங்குள்ள ஏஜென்ட் ஒருவர், "இ-பாஸ் வாங்கினவங்க யாருக்குமே 5,600 வெள்ளிக்குக் (சிங்கப்பூர் டாலர்) குறைஞ்சு சம்பளம் கிடையாது. உங்க தம்பிக்கு 6,000 போட்டிருக்கு, அதனால பாஸ் கன்ஃபார்ம்" என்கிறார். முன்பணம் 2 லட்சம் ரூபாய் கேட்கிறார். அவர் சொல்வது சரியாகத்தான் படுகிறது. கொடுக்கலாமா? (வாசகி, ஈசூன்)

பதில்: கொடுக்காதீர்கள். புதிதாக விண்ணப்பிப்பவர்களைப் பொறுத்தவரை ஏஜென்ட் சொன்ன முதல் வாக்கியம் சரி. 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி; நிதித் துறைக்கு 6,200. வயது ஏற ஏற அதுவும் ஏறும். கோளாறு அந்த "அதனால"வில் இருக்கிறது.

தீபாவளி என்றால் பொது விடுமுறை. அதைத் திருப்பிப்போட்டு, "இன்று பொது விடுமுறை, அதனால் தீபாவளி" என்றால் நோன்புப் பெருநாளன்றும் தேக்காவில் (லிட்டில் இந்தியா) மத்தாப்பு தேட வேண்டியதுதான். ஆனால் "இன்று விடுமுறை இல்லை, அதனால் தீபாவளி இல்லை" என்றால் யாரும் மறுக்க முடியாது. உங்கள் தம்பிக்கு 5,000 வெள்ளி என்று கடிதம் வந்திருந்தால் "பாஸ் கிடைக்காது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். 6,000 என்பதால், அது நிதித் துறை வேலை இல்லையென்றால், சொல்ல முடிவது ஒன்றே: இந்தக் காரணத்துக்காக நிராகரிக்க மாட்டார்கள். வேறு காரணத்துக்காக நிராகரிக்கலாம்.

அந்த வேறு காரணம் பெரும்பாலும் காம்பஸ், அதாவது விண்ணப்பத்துக்குப் புள்ளி போட்டுத் தகுதி பார்க்கும் முறை. 2023 செப்டம்பரிலிருந்து 40 புள்ளி எடுக்க வேண்டும். அடிப்படை அளவுகோல் நான்கு. சம்பளம், படிப்பு இரண்டும் தம்பியைச் சேர்ந்தவை. நிறுவனத்தில் எந்தெந்த நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்க்காரர்களை எவ்வளவு வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்ற மற்ற இரண்டும் நிறுவனத்தின் கணக்கு. திருச்சியில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட்டுக்கு அது எப்படித் தெரியும்?

இங்கே இன்னொரு வழுக்கல் உண்டு. மாதச் சம்பளம் 22,500 வெள்ளியோ அதற்கு மேலோ என்றால் காம்பஸ் தேவையில்லை. உடனே, "தம்பிக்கு அவ்வளவு இல்லை, அதனால் காம்பஸ் உண்டு" என்பீர்கள். முடிவு சரி, வந்த வழி தப்பு. ஒரு நிபந்தனை பொருந்தவில்லை என்பதால் விலக்கே இல்லை என்று ஆகிவிடாது. விலக்குக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. ஒரு மாதத்துக்கு மேற்படாத வேலைக்கும் காம்பஸ் கிடையாது. வெளிநாட்டுக் கிளையிலிருந்து அதே நிறுவனம் மாற்றி அனுப்பும் ஊழியர்களில், அதற்கான தகுதி உள்ளவர்களுக்கும் கிடையாது. மூன்றும் பொருந்தாது என்று பார்த்த பிறகுதான் "காம்பஸ் உண்டு" என்று சொல்லலாம். தம்பி விஷயத்தில் மூன்றுமே பொருந்தாது. "கிளை மாற்றம்னு போட்டுடலாம்" என்று யாராவது காதைக் கடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பாஸுக்குப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம்.

அரசாங்கத் தளத்தில் விதியை ஒரு பக்கத்திலும் விலக்கை இன்னொரு பக்கத்திலும் போட்டு, "தகுதி பெற" என்று மொட்டையாகத் தலைப்பு வைத்தால் ஜனங்கள் வேறு எப்படிப் படிப்பார்கள்? பள்ளியிலும் இதைப் பொறுமையாகச் சொல்லித் தருவதில்லை, மதிப்பெண் வராதே! அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் பிழைக்கிறார்.

விண்ணப்பிக்க வேண்டியது சிங்கப்பூர் முதலாளி, அல்லது அவர் அமர்த்திய உரிமம் பெற்ற முகவை. நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். "அப்புறம் சொல்றேன்" என்றால் விண்ணப்பமே போயிருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தர்க்கப்படி நிரூபணம் ஆகாது, ஆனால் பணம் உங்களுடையது.

2 லட்சத்துக்கு வருவோம். இந்தியாவில் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற முகவர், 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர சேவைக் கட்டணமாக வாங்கக்கூடாது. இவர் 2 லட்சம் கேட்கிறார். அப்படியானால் ஒன்று, இவர் பதிவு பெறாதவர்; இல்லை, பதிவு பெற்றும் சட்டத்தை மீறுகிறவர். எது என்று தெரிய இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் பணம் கொடுக்க வேண்டாம்.