கட்டிதட்டிய சாக்லேட்டைக் கொட்டிவிடாதீர்கள்

கிறிஸ்துமஸ் பிரவுனிக்கு 200 கிராம் டார்க் சாக்லேட்டைக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கும்போது மண் மாதிரி கட்டிதட்டிவிட்டது, தூக்கிப் போடவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க! கீழே கொதித்த தண்ணீரின் ஆவியோ ஈரக் கரண்டியோ பட்டிருக்கும். சில சொட்டு போதும், சர்க்கரையும் கோகோத் துகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதற்கு மருந்தும் தண்ணீர்தான்: வெந்நீரையோ சூடான பாலையோ ஒவ்வொரு மேசைக்கரண்டியாக ஊற்றி விடாமல் கலக்குங்கள், நாலைந்து கரண்டிக்குள் பளபளவென்று இளகி வரும். ஆனால் அச்சில் ஊற்ற இது ஆகாது, இறுகாது. பிரவுனி மேல் ஊற்றும் சாஸாக வைத்துக்கொண்டு, மாவுக்குப் புதிதாக உருக்குங்கள். இந்த முறை தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள், கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடவே கூடாது. அப்புறம், 24ஆம் தேதி இரவு வரை இழுக்காதீர்கள். சுட்டு, நன்றாக ஆறவைத்து, இறுக்கமாகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் பிரவுனி ஒரு மாதம் தாராளமாக இருக்கும்.