கைமாற்றாகக் கொடுத்த மூன்று லட்சம்: போலீசுக்குப் போகலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்த ஒருவருக்கு, தங்கை கல்யாணச் செலவுக்காக 11.8.2023 அன்று 3 லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன். 2 லட்சம் வங்கி வழியாக, 1 லட்சம் ரொக்கமாக. எப்போது திருப்பித் தருவது என்று கெடுவும் பேசவில்லை, வட்டியும் பேசவில்லை. புரோ நோட்டும் இல்லை. கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றை அன்றே கொடுத்தார். 2024இல் ஜிபேயில் 40,000 ரூபாய் திருப்பித் தந்தவர், அப்புறம் மதுரைக்கே போய்விட்டார். "அடுத்த மாசம் தர்றேண்ணா" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது போனையே எடுப்பதில்லை. போலீசில் புகார் கொடுத்தால் பணம் வருமா?

பதில்: போலீஸ் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதைவிட அவசரமானது, நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று: வழக்குப் போடுவதற்கான கெடு. கைக்கடனை வசூலிக்கும் சிவில் வழக்கைக் கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு அது 11.8.2026.

கடன்காரர் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தால் மூன்று வருடம் புதிதாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் கொடுத்ததற்கு அவர் கையெழுத்திலோ, அவர் கையொப்பத்தோடோ எழுத்து இருக்க வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டம். ஜிபே பதிவும் வாட்ஸ்அப் செய்தியும் அதற்குப் போதுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கிளப்புவார். அந்த வாதத்தில் ஜெயிக்கலாம். ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

அடுத்து அந்த செக். கையெழுத்து மட்டும் போட்டு அவராகவே கொடுத்த செக்கை நீங்கள் நிரப்பினாலும் அது செல்லும். உச்ச நீதிமன்றமே 2019இல் சொல்லியிருக்கிறது. ஆனால் தொகையில் கவனம். "3 லட்சம்" என்று எழுதிவிடாதீர்கள். 40,000 வந்துவிட்டது, பாக்கி 2,60,000 தான். வந்ததைக் கழிக்காமல் முழுத் தொகைக்குப் போட்ட செக் வழக்கு நிற்காது என்று 2022இல் தீர்ப்பு இருக்கிறது. இந்த ஒரு எண்ணில் கோட்டைவிட்டால் செக் வழக்கே போய்விடும்.

தேதி போட்டதிலிருந்து மூன்று மாதத்துக்குள் உங்கள் கணக்கில் செலுத்துங்கள். பணமில்லை என்று திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் தராவிட்டால், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். இதற்காக நீங்கள் மதுரைக்கு அலைய வேண்டாம். உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறதோ அங்கேயே தாக்கல் செய்யலாம். குற்றம் நிரூபணமானால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. செக் வழக்கு நடக்கிறதே என்று சிவில் வழக்கைத் தள்ளிப்போடுவார்கள். செக் வழக்கு நடப்பதால் அந்த மூன்று வருடக் கணக்கு நிற்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தத் தடையில்லை. தமிழ்நாட்டில் 2017 முதல் சிவில் வழக்குக்குக் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். 2,60,000க்கு 7,800 ரூபாய். வக்கீல் ஃபீஸ் தனி. வட்டி பேசாவிட்டாலும், இந்தத் தேதியிலிருந்து வட்டி கேட்பேன் என்று நோட்டீசில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அப்போதுதான் நோட்டீஸ் நாளிலிருந்து வட்டி கேட்க முடியும்.

ரொக்கமாகக் கொடுத்த 1 லட்சம்தான் பலவீனமான இடம். அதற்கு முன்பு வங்கியில் எடுத்ததாக பாஸ்புக்கில் பதிவு இருக்கிறதா? "மொத்தம் 3 லட்சம்" என்று அவர் எங்காவது ஒப்புக்கொண்ட செய்தி இருக்கிறதா? இருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, அந்த மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் கொடுக்க வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு என்று அவர் மிரட்டலாம். அந்த அபராதம் வாங்கியவருக்குத்தான். கடன் அதனால் ரத்தாகிவிடாது.

சரி, போலீஸ். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி வழக்கு. 40,000 திருப்பித் தந்த மனிதர் மீது அதைக் காட்டுவது கஷ்டம். சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசி முடிப்பதையும், ஆள் வைத்து மிரட்டுவதையும், முகநூலில் அவர் போட்டோவைப் போடுவதையும் மறந்துவிடுங்கள். வழக்கு உங்கள் மீது திரும்பும்.

என் அனுபவத்தில் நோட்டீஸ் போனதுமே பாதிப்பேர் சமாதானம் பேச வருவார்கள். தவணை கேட்டால் கொடுக்கலாம். ஆனால் பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்கு எவ்வளவு என்று எழுதி, 11.8.2026க்கு முன்பே அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்திலும் முடிக்கலாம். அங்கே எழுதும் உடன்பாடு தீர்ப்புக்குச் சமம். எப்படி முடித்தாலும், கடைசித் தவணை உங்கள் கணக்கில் ஏறும்வரை அந்த செக்கைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.