ஹைபிரிட் காரில் ஹாம் ரேடியோ: கேட்டவற்றுக்கு என் பதில்கள்

என் பழைய டொயோட்டா பிரியஸின் (பெட்ரோல் இஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்) டிக்கிக்குள் 50 வாட் டூயல் பேண்ட் ரிக், அதாவது லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம்களின் இரண்டு அலைவரிசை வயர்லெஸ் செட், மாட்டியிருக்கும் படத்தைப் போட்டாலும் போட்டேன், கேள்விகள் நின்றபாடில்லை. ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். என்னுடையது செகண்ட் ஹாண்டில் வாங்கிய மூன்றாம் தலைமுறை பிரியஸ். உங்கள் காரில் பேட்டரி வேறு மூலையில் இருக்கலாம், விஷயம் பெரும்பாலும் இதேதான்.

கேள்வி: அண்ணா, ஹைபிரிட்டில் 200 வோல்ட் ஓடுகிறதாமே, கை வைக்கவே பயமாக இருக்கிறது. ரிக்குக்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்தீர்கள்?

பதில்: பயம் இருக்கட்டும் தம்பி, அது நல்லதுதான். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பேட்டரி 201.6 வோல்ட், இன்வெர்ட்டர் அதை மோட்டாருக்காக 650 வோல்ட் வரை தூக்கும். அந்த ஒயர்கள் எல்லாம் ஆரஞ்சு நிறம். ஆரஞ்சைப் பார்த்தால் கையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது அந்த ஒயர்களிலிருந்து பிரித்து வைத்திருக்கும் 12 வோல்ட் பக்கம். அது எல்லாக் கார்களையும் போல நெகட்டிவ் பாடியில் எர்த் ஆகியிருக்கும், ரிக்குக்கு அதுவே போதும்.

பிரியஸில் 12 வோல்ட் பேட்டரி டிக்கியின் வலது மூலையில், மூடிக்குக் கீழே இருக்கிறது. இது எனக்கு லாட்டரி அடித்த மாதிரி. ரிக்கின் உடம்பை அதன் பக்கத்திலேயே வைத்து, முகப்பை மட்டும் கழற்றி மெல்லிய கேபிளில் டேஷ்போர்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். பவர் ஒயர் ஒரு மீட்டர்கூட இல்லை. பாசிட்டிவில், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் ரிக்கைக் காப்பாற்ற அல்ல, ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் கார் எரியாமல் காப்பாற்ற. அதனால்தான் பேட்டரி பக்கம் இருக்க வேண்டும், ரிக் பக்கம் வைத்துப் பயனில்லை.

நெகட்டிவை நேராக பேட்டரி முனையில் மாட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பல புதிய கார்களில் அந்த முனையில் கரண்டை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டாமல் நேராக மாட்டினால் ரிக் இழுக்கும் கரண்ட் அதன் கணக்கில் வராது. ஆகவே பேட்டரியின் எர்த் ஒயர் பாடியில் போல்ட் ஆகும் இடத்தில், பெயின்டைச் சுரண்டிவிட்டு, லக் (ஒயர் நுனியில் போடும் உலோக வளையம்) வைத்து இறுக்குங்கள்.

கேள்வி: சிகரெட் லைட்டர் சாக்கெட் இருக்கும்போது ஏன் இத்தனை வேலை?

பதில்: ஹேண்டிக்கு (கையில் பிடித்துப் பேசும் சின்ன செட்) சார்ஜர் போட அது போதும். 50 வாட் ரிக் பிடிடி (பேசுவதற்கு அழுத்தும் பட்டன்) அழுத்தினால் 10, 12 ஆம்பியர் இழுக்கும், அந்த சாக்கெட்டின் ஃபியூஸே பெரும்பாலும் 10 அல்லது 15தான்.

கேள்வி: எனக்கு பேட்டரி முன்பக்கம், ரிக் சீட்டுக்கு அடியில். எவ்வளவு தடிமன் ஒயர் வாங்க?

பதில்: கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் மீட்டருக்குச் சுமார் 4.6 மில்லி ஓம். ஐந்து மீட்டர் என்றால் போக வர பத்து மீட்டர், 46 மில்லி ஓம். 10 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட அரை வோல்ட் போய்விடும், பொறுத்துக்கொள்ளலாம். 100 வாட் ஹெச்எஃப் (தூரம் போகும் ஷார்ட்வேவ்) ரிக் 20 ஆம்பியருக்கு மேல் கேட்கும், அப்போது ஒரு வோல்ட்டே காணாமல் போகும். ஹெச்எஃப் எண்ணம் இருந்தால் 6 அல்லது 10 ஸ்கொயர் எம்எம் வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய ஒயரைக் கடைக்காரர் கையில் திணிப்பார், நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்கவும்.

கேள்வி: சார், இஞ்சின் ஓடாமல் சைலண்ட்டாக உட்கார்ந்து பேசலாமே, ஹைபிரிட்டின் பெரிய வசதியே அதுதானே? எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், ஏனென்றால் பட்டிருக்கிறேன். ஏற்காட்டில் ஒரு வியூ பாயின்டில் வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனைத் தட்டி அக்சசரி மோடில் போட்டுவிட்டு இரண்டரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். கிளம்பலாம் என்று பார்த்தால் டேஷ்போர்டு இருட்டு. பின்னால் 200 வோல்ட் பேட்டரி நிறைய சார்ஜோடு உட்கார்ந்திருக்கிறது, வண்டி கிளம்பாது! அதற்கு மேல் ஒரு கூத்து: டிக்கி லாக்கும் மின்சாரத்தில் திறப்பது, பேட்டரியோ டிக்கிக்குள். பானெட்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டிக்குள் ஜம்ப் கொடுக்க ஒரு முனை இருக்கிறது என்று மேனுவலில் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்ததால் தப்பித்தேன். பக்கத்தில் நின்ற ஜீப்காரர் ஒயர் கொடுத்தார்.

நடந்தது இதுதான். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் (பிரியஸ் மாதிரி, மோட்டாரே தனியாக வண்டியை நகர்த்தும் வகை) 12 வோல்ட் பேட்டரி இஞ்சினைச் சுற்றுவதே இல்லை, அந்த வேலை பெரிய பேட்டரியுடையது. சின்னது செய்வதெல்லாம் கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேவை (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) மூடுவது. அதனால் அதைச் சின்னதாகவே வைத்திருக்கிறார்கள், என்னுடையது 45 ஆம்பியர் ஹவர்தான். ஆல்டர்னேட்டரும் கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்து 14 வோல்ட் சுமாருக்கு இறக்கிக் கொடுக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர்தான் இருக்கிறது. வண்டி ரெடி நிலையில் இருந்தால்தான் அது வேலை செய்யும். ரிக் ரிசீவில் அரை ஆம்பியர்தான், ஆனால் வண்டியின் மற்ற சாமான்களும் சேர்ந்து குடிக்கும்.

ஆகவே பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தி ரெடி விளக்கு எரிந்த பிறகு, கியர் பி-யில் (பார்க்கிங்) இருக்கட்டும். பெரிய பேட்டரி இறங்கும்போது இஞ்சின் தானாக வந்து ஏற்றிவிட்டு அணைந்துகொள்ளும். கியரை என்-னில் (நியூட்ரல்) விட்டுவிடாதீர்கள், அதில் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது. முக்கியமான இன்னொன்று, மூடிய ஷெட்டுக்குள் இப்படி உட்காரவே கூடாது. இஞ்சின் எப்போது ஓடும் என்று உங்களுக்குத் தெரியாது, கார்பன் மோனாக்சைடு மூக்குக்குத் தெரியாது.

கேள்வி: 2015 சென்னை வெள்ளத்தில் ஹாம்கள் வேலை செய்தது நினைவிருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் ஹைபிரிட் உதவுமா?

பதில்: தாராளமாக. பெட்ரோல் இருக்கும் வரை தேவைப்படும்போது மட்டும் ஓடும் ஜெனரேட்டர் அது. ஆனால் வெள்ளத் தண்ணீரில் இறக்காமல் மேட்டில் நிறுத்தி வைக்கவும்.

கேள்வி: பெரிய பேட்டரியிலிருந்தே நேராக எடுத்தால் ரிக் நாள் முழுக்க ஓடுமே?

பதில்: கூடாது. அடுத்த கேள்வி.

கேள்வி: அண்ணா, ஹெச்எஃப் போட்டால் சத்தம் வரும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: உண்மைதான்மா. 2 மீட்டர் அலைவரிசை எஃப்எம்மில் எனக்குத் தொந்தரவே இல்லை. ஹெச்எஃப்பில் 40 மீட்டர் அலைவரிசையில், வண்டி ஓடும்போது எஸ் மீட்டர் (வரும் சிக்னலின் பலத்தைக் காட்டுவது) சத்தத்தாலேயே 7-ல் நிற்கிறது. ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஒரு சீழ்க்கை மேலே ஏறும், பிரேக் பிடித்தால் இறங்கும், மோட்டாரை இன்வெர்ட்டர் ஓட்டுகிற சத்தம் அது. வண்டியை நிறுத்தினால் பாதி போய்விடும்.

துளை போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ரிக்கைத் தனி பேட்டரியில் ஓட்டி, மேக்னட் ஆன்டெனாவோடு ஒரு சுற்று போய் வாருங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் அது ஆன்டெனா வழியாக வருகிறது, பவர் ஒயரில் ஃபில்டர் வாங்கி மாட்டுவது காசுக்குக் கேடு. தனி பேட்டரியில் சத்தம் போய்விட்டால் பவர் ஒயர்தான் குற்றவாளி. ஃபெரைட் (ஒயரில் வரும் சத்தத்தைத் தடுக்கும் வளையம்) போடுவதென்றால் ஹெச்எஃப்புக்கு 31 என்ற வகை கேளுங்கள், ஒயரை ஒரு தடவை நுழைத்துவிட்டு ஏமாறாதீர்கள். மூன்று சுற்று சுற்றினால் தடுப்பு ஏறக்குறைய ஒன்பது மடங்கு. பானெட், டிக்கிக் கதவு, சைலன்சர் குழாய் எல்லாவற்றையும் பட்டையான பின்னல் ஒயரால் பாடியோடு இணைத்ததில் எனக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. முழுக்க அமைதி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் ஹெச்எஃப் பேசுவது நிறுத்திய பிறகுதான்.

கேள்வி: ஆன்டெனா எங்கே வைத்தீர்கள்? என் காரில் மேலே முழுக்கக் கண்ணாடி சன்ரூஃப்.

பதில்: 2 மீட்டருக்குக் கால் அலை என்றால் 49 சென்டிமீட்டர் கம்பிதான், கூரை நடுவில் இருந்தால் அதற்கு ஈடு இல்லை. கீழே உலோகத் தகடு வேண்டும், கண்ணாடி அதற்கு ஆகாது. சன்ரூஃப்புக்குப் பின்னால் ஒரு முழம் தகடு மிச்சம் இருந்தால் அங்கே வையுங்கள், இல்லையென்றால் டிக்கிக் கதவு ஓரத்தில் கிளாம்ப். பானெட்டில் காந்தம் ஒட்டவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார், பிரியஸில் பானெட்டும் பின்கதவும் அலுமினியம், ஒட்டாது. கூரையில் துளை போடுபவர்கள் உள்பக்கத் துணியை இறக்கிப் பார்க்காமல் டிரில்லை எடுக்க வேண்டாம், ஓரங்களில் ஏர்பேக் சுருண்டு கிடக்கும். அதே காரணத்துக்காக ஒயரையும் அதற்கு முன்னால் கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: டிரான்ஸ்மிட் செய்தால் கார் கம்ப்யூட்டர் குழம்பாதா? சர்வீஸ் சென்டரில் பயமுறுத்தினார்கள்.

பதில்: என்னையும் ஒரு இடத்தில் பயமுறுத்தினார்கள், வந்த எச்சரிக்கை விளக்குக்கெல்லாம் ரேடியோதான் காரணம் என்றார்கள். கடைசியில் 12 வோல்ட் பேட்டரிக்கு வயதாகியிருந்தது. ஆனாலும் சோதிக்காமல் நம்பாதீர்கள். முதலில் மேனுவலில் டிரான்ஸ்மிட்டர் பொருத்துவது பற்றிய பக்கத்தைப் படியுங்கள். பிறகு நின்ற வண்டியில் 5 வாட், அடுத்து 25, அடுத்து 50 என்று அழுத்தி டேஷ்போர்டைப் பாருங்கள். அப்புறம் காலி ரோட்டில் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவரை அழுத்தச் சொல்லுங்கள். ஒரு வேடிக்கை: பல கார் சாவிகள் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன, நம் 70 சென்டிமீட்டர் பேண்டோ 434-ல் தொடங்குகிறது. அங்கே நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே நிற்கும் வீட்டுக்காரம்மா சாவியை எத்தனை தடவை அழுத்தினாலும் கதவு திறக்காமல் போகலாம்.

கேள்வி: என்னுடையது மைல்டு ஹைபிரிட். சிக்னலில் இஞ்சின் நின்று கிளம்பும்போது ரிக் அணைந்து வருகிறது.

பதில்: உங்களுடையதில் பெல்ட் போட்ட மோட்டார் 12 வோல்ட்டிலிருந்தே இஞ்சினைச் சுற்றுகிறது, அந்த நொடி வோல்டேஜ் விழும். பெரும்பாலான ரிக்குகளுக்கு 11.7-க்குக் கீழே போனால் ஆகாது. பேசும்போது ஸ்டார்ட்-ஸ்டாப் பட்டனை அணைத்துவிடுங்கள். முதலில் லக்குகளை இறுக்கிப் பாருங்கள், பாதி பேருக்கு அங்கேயே சரியாகிவிடுகிறது.

கேள்வி: லைசென்ஸ் இல்லை, கேட்க மட்டும் மாட்டலாமா?

பதில்: முதலில் பரீட்சை எழுதுங்கள், கஷ்டமில்லை. கால்சைன் (லைசென்ஸோடு தரும் அழைப்புக் குறி) வந்ததும் ஒயர் இழுக்க நானே வருகிறேன்.

கேள்வி: மழையில் டிக்கிக்குள் தண்ணீர் சொட்டுகிறது, ஆன்டெனா கேபிள் நுழையும் இடத்தில்.

பதில்: கேபிளை ரப்பர் பீடிங்குக்கு மேலே நுழைத்திருப்பீர்கள், கீழ்ப்பக்கமாக மாற்றுங்கள். நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஆர்ஜி-58 கேபிளைக் கதவு நசுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், என் முதல் கேபிள் அப்படித்தான் போனது.