பைக் தேய்த்துக்கொண்டு போன தூரத்தில் வேகம் தெரியுமா? – கேள்வி பதில்

விபத்து நடந்த இடங்களை அளந்து அறிக்கை எழுதுவது என் வேலை. சாய்ந்து விழுந்த பைக் தார்ச்சாலையில் எவ்வளவு தூரம் தேய்த்துக்கொண்டு போனது என்பதை வைத்து வேகத்தைக் கணிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கரூர் வாசகர்: ஐயா, என் தம்பியின் பைக் வளைவில் சாய்ந்து 18 மீட்டர் தேய்த்துக்கொண்டு போய்த் தானாக நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் நூறில் வந்தான் என்கிறார்கள். உண்மையா?

தம்பி சீக்கிரம் தேறிவரட்டும். கணக்கு இதுதான். 254-ஐ உராய்வுக் குணகத்தால் (தரை வண்டியை எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்பதைக் காட்டும் எண்) பெருக்குங்கள், மீட்டரில் உள்ள தூரத்தாலும் பெருக்குங்கள். வரும் எண்ணின் வர்க்கமூலம், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். விழுந்த பைக் காய்ந்த தாரில் சறுக்கும்போது குணகம் பெரும்பாலும் 0.35-க்கும் 0.75-க்கும் நடுவில் இருக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் மூடி தரையில் படும்படி படுத்த வண்டிக்குக் குறைவு. ஃபுட்ரெஸ்ட்டும் கிராஷ் கார்டும் தாரைக் குத்திக் கிழித்தால் அதிகம்.

18 மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள்: 40 முதல் 59 வரை வரும். நூறில் விழுந்து 18 மீட்டரில் நிற்க வேண்டுமென்றால் குணகம் 2.2 ஆக இருக்க வேண்டும். அப்படிச் சாலை எங்கேயும் கிடையாது. நடுத்தரமாக 0.5 என்று வைத்தால், நூறில் விழுந்த வண்டி ஏறக்குறைய 79 மீட்டர் போயிருக்கும்.

ஒன்று கவனியுங்கள். இது வண்டி தரையில் பட்ட நொடியின் வேகம். விழுவதற்கு முன் பிரேக் பிடித்திருந்தால் முதலில் வந்த வேகம் இன்னும் கூடுதல். 'ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்' என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். 40 முதல் 59 என்பதுதான் நேர்மையான விடை.

திண்டுக்கல் வாசகர்: விழுமுன் 12 மீட்டர் டயர் தடம் இருக்கிறது, பிறகு 18 மீட்டர் கீறல். இரண்டு வேகத்தையும் கூட்டலாமா?

கூட்டக் கூடாது. வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். பிரேக்கில் பின் சக்கரம் மட்டும் சுற்றாமல் பூட்டியிருந்தால் குணகம் 0.4 போல எடுக்கலாம். 12 மீட்டருக்கு 35 வருகிறது. சறுக்கலுக்குக் குறைந்தபட்சமான 40-ஐ எடுத்தால், 35-ன் வர்க்கமும் 40-ன் வர்க்கமும் சேர்த்து வர்க்கமூலம் 53. நேராகக் கூட்டினால் 75 ஆகிவிடும். 53-க்கும் 75-க்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் இழப்பீடு குறையக்கூடும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மதுரை வாசகர்: அண்ணே, புல்லட் கனமான வண்டி. ஸ்பிளெண்டரைவிட ரொம்ப தூரம் சறுக்குமே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே?

சேர்க்கத் தேவையில்லை தம்பி. கனம் கூடினால் ஓடும் ஆற்றல் கூடும், தரையை அழுத்தும் விசையும் அதே அளவு கூடும். இரண்டும் கழிந்துவிடும். சிமெண்ட் தரையில் ஒரு செங்கலைத் தள்ளிவிடுங்கள். பிறகு இரண்டைச் சேர்த்துக் கட்டி அதே வேகத்தில் தள்ளுங்கள். ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்.

இயற்பியல் ஆசிரியர், தஞ்சாவூர்: செங்கல் சரி. ஆனால் உலோகம் தாரில் உழுதுகொண்டு போவதைப் பாடப்புத்தக உராய்வாக எடுக்க முடியுமா? வெயிலில் தார் இளகியிருக்கும்போது கனமான வண்டி ஆழமாகக் குத்தும். அப்போது கனம் கழியாதே?

ஐயா, இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி இது. உராய்வு அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1699-இல் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் சொன்னது ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் பரப்புகளுக்கு. தார் பெயர்ந்து பள்ளமான இடத்தில் நடப்பது உராய்வு மட்டுமல்ல, அங்கே தரையை வெட்டுவதற்கும் ஆற்றல் செலவாகிறது. ஆகவே நீங்கள் சொல்வது பாதி சரி. ஆனால் அதில் வாசகர் கேட்டதற்கு நேர் எதிரான முடிவு வருகிறது, பாருங்கள்: ஆழமாகக் குத்தும் வண்டி சீக்கிரம் நிற்கும், தூரம் போகாது. அதோடு, குத்துவதைத் தீர்மானிப்பது கனத்தைவிட எந்தப் பாகம் தரையில் பட்டது என்பதுதான். அதனால்தான் நான் மெல்லிய கீறலையும் பள்ளத்தையும் தனித்தனியாக அளந்து, தனித்தனிக் குணகம் போடுகிறேன்.

அதே ஆசிரியர்: அப்படியானால் குணகம் என்ற ஒரே எண்ணே பொய்யல்லவா?

பொய்யில்லை ஐயா, சராசரி. சறுக்கிய முழுத் தூரத்திலும் வண்டி எப்படி வேகம் இழந்தது என்பதன் சராசரி. முடிந்தால் அதே மாதிரி வண்டியை அதே சாலையில் படுக்கப்போட்டு, சீரான வேகத்தில் கயிற்றால் இழுத்து, கயிற்றில் கோத்த சுருள்வில் தராசு காட்டும் விசையை வண்டியின் எடையால் வகுத்துப் பாருங்கள். மாணவர்களோடு செய்தால் இன்னும் நல்லது. போக்குவரத்து இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

சேலம் வாசகர்: 10 மீட்டர் சறுக்கி லாரிச் சக்கரத்தில் மோதியது. வேகம் 36 தானே?

இல்லை. குணகம் 0.5 என்று வைத்தால், சறுக்கலின் பங்கு மட்டும்தான் 36. மோதும்போது 40 மிச்சம் இருந்திருந்தால், வர்க்கங்களைக் கூட்டிப் பார்க்க, விழுந்தபோது வேகம் 54. எதிலாவது மோதி நின்ற வண்டிக்குச் சறுக்கல் கணக்கு குறைந்தபட்ச வேகத்தை மட்டுமே தரும்.

ஊட்டி வாசகர்: இறக்கத்தில் விழுந்தால்?

5 சதவீத இறக்கத்துக்குக் குணகத்தில் 0.05 குறையுங்கள். ஏற்றத்துக்குக் கூட்டுங்கள்.

நெல்லை வாசகர்: எடை 180 கிலோ. வேகம் சொல்லுங்கள்.

எடை வேண்டாம், தூரம் வேண்டும். மேலே மதுரை வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி: என் கணவர் வழக்கில் ஸ்பீடாமீட்டர் முள் 80-இல் நின்றதாக எழுதியிருக்கிறார்கள்.

சகோதரி, முள்ளை மட்டும் நம்ப முடியாது. அடிபட்ட அதிர்ச்சியிலேயே முள் நகரும். அது சாலைத் தடங்களோடு பொருந்துகிறதா என்று வழக்கறிஞர் மூலம் கேட்கச் சொல்லுங்கள். மகஜரிலும் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு) ரஃப் ஸ்கெட்ச்சிலும் (அந்த இடத்தின் வரைபடம்) கீறலின் நீளம் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கோவை வாசகர்: புல்லட் கனமாச்சே, அதனால்...

மதுரை, தஞ்சாவூர் இரண்டு பதில்களையும் படித்துவிட்டு வாருங்கள். எடையைப் பற்றி இதற்கு மேல் இன்று பதில் கிடையாது.

விழுப்புரம் வாசகர்: நேற்று நடந்த விபத்து. ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அவசரத்தில் வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டார்கள். எங்கிருந்து எதுவரை அளப்பது?

அவர்கள் செய்தது சரி, ஆள்தான் முக்கியம். முதல் கீறல் தொடங்கிய இடத்திலிருந்து கடைசிக் கீறல் வரை அளங்கள். தடம் வளைந்திருந்தால் டேப்பையும் வளைத்தே பிடியுங்கள். கடைசிக் கீறல் தெளிவில்லாவிட்டால் பெட்ரோல், ஆயில் தேங்கிய கறையைத் தேடுங்கள், வண்டி கிடந்த இடம் அதுதான். டேப் தெரியும்படி படம் எடுங்கள், பக்கத்தில் உள்ள மின்கம்பத்திலிருந்து தூரத்தையும் குறியுங்கள். அளக்கும்போது ஒருவர் எதிர்வரும் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளட்டும். மழை பெய்தால் கறை போய்விடும், இன்றே போய் வாருங்கள்.